எல்லையில் நிற்கும் லொறிக்கு யார் காசு கொடுப்பது?

லொறி ஓடினால் டீசல் செலவு. லொறி நின்றால்? சோதனைச் சாவடிகளில் மூட்டைகளை இறக்கியும் ஏற்றியும் பழகிய எமது வாசகர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. மரக்கறி வாடும், வெங்காயம் அழுகும், சாரதியின் நாட்கூலி ஏறும். கடைசியில் வியாபாரி அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது விலையைக் குறைத்துக் கேட்பார். இரு நாடுகளின் எல்லையிலும் இதே கதைதான். அங்கே லொறியை மறிப்பது பெரும்பாலும் கடதாசி.

ஆபிரிக்காவில் சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் நடுவே சம்பெசி ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள சிருண்டு என்ற எல்லைப் பட்டினத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்திலிருந்து ஹராரே வழியாக லுசாக்காவுக்கும், அதற்கு அப்பாலுள்ள செப்புச் சுரங்கப் பகுதிக்கும் செல்லும் பெருவீதி இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. வடக்கே உரமும் இயந்திரங்களும் போகின்றன. தெற்கே செம்பு வருகிறது. 1939 இல் கட்டிய பாலத்துக்குப் பக்கத்தில் 2002 இல் இன்னொரு பாலமும் கட்டினார்கள். அதற்குப் பின்னரும் லொறிகள் நாட்கணக்கில் நின்றன. அவற்றை மறித்தது ஆறு அல்லவே!

சாரதியின் கையிலுள்ள கோவையைத் திறந்து பார்ப்போம். பொருளின் விலையைக் கூறும் விலைப்பட்டியல், எத்தனை மூட்டை, எவ்வளவு நிறை என்று காட்டும் பொதிப்பட்டியல், லொறிக்காரரின் சரக்குச் சீட்டு, பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்று உறுதிப்படுத்தும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ், இவை எல்லாவற்றையும் வைத்து முகவர் நிரப்பும் சுங்கப் பிரகடனம். விளைபொருளானால் பூச்சியும் நோயும் இல்லை என்று விவசாய அதிகாரிகள் வழங்கும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். லொறிக்குக் காப்புறுதி வேறு.

இந்தக் கடதாசிகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிசகுவது அங்கேதான். விலைப்பட்டியலில் 200 மூட்டை, பொதிப்பட்டியலில் 198 என்றால் லொறி ஓரங்கட்டப்படும். இலக்கம் பிழைத்தாலும் அப்படியே. உலகின் பெரும்பாலான நாடுகள் பொருட்களை 6 இலக்கக் குறியீட்டால் வகுக்கின்றன; 1988 இலிருந்து இம்முறை நடைமுறையில் உள்ளது. விதை உருளைக்கிழங்குக்கு 0701.10, ஏனைய உருளைக்கிழங்குக்கு 0701.90. சாக்கு ஒன்று, கிழங்கும் பார்வைக்கு ஒன்று. ஆனால் தீர்வையும் அனுமதியும் வேறாகலாம். விதைப்புக் காலம் தவறிய பின் சரியான இலக்கத்தோடு வந்து சேரும் விதைக்கிழங்கை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வது?

சரக்கு ஒரு நாட்டை ஊடறுத்து மூன்றாவது நாட்டுக்குப் போகிறது என்றால் இன்னுமொரு சிக்கல். டேர்பனிலிருந்து கொங்கோவுக்குப் போகும் சரக்கு சாம்பியாவில் தீர்வை செலுத்தத் தேவையில்லை. ஆனால் வழியில் இறக்கி விற்றுவிட்டால்? அதற்காகத் தீர்வைத் தொகைக்குப் பிணை வைக்க வேண்டும். லொறி மறு எல்லையால் வெளியேறியதற்கு அத்தாட்சி கிடைத்த பின்னரே பிணை விடுபடும். அதுவரை ஒருவருடைய பணம் முடங்கிக் கிடக்கும்.

முன்னர் சிருண்டுவில் இத்தனை கடதாசியையும் ஒரு கரையில் காட்டி வெளியேறி, மறுகரையில் அதையே மீண்டும் காட்டி நுழைய வேண்டியிருந்தது. 2009 டிசெம்பர் 5 ஆம் திகதி இது மாறியது. வடக்கே போகும் லொறி சாம்பியக் கரையில் மட்டும் நிற்கும். தெற்கே வரும் லொறி சிம்பாப்வேக் கரையில் மட்டும் நிற்கும். இரு நாட்டு அதிகாரிகளும் அங்கே ஒரே இடத்தில் இருப்பார்கள். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் தன் சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது என்பதால், இதற்கென இரு நாடுகளும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நாட்கணக்கில் நின்ற லொறிகளில் பல ஒரே நாளில் கடக்கத் தொடங்கின. கணினி நின்றுபோனாலோ முகவர் பத்திரங்களைப் பிந்தி அனுப்பினாலோ அங்கும் வரிசை நீளத்தான் செய்கிறது.

எமக்குக் கூடுதலாகப் பிடித்தது வேறொன்று. லொறி நிறையச் சரக்கு இல்லாதவர்கள், நாலு மூட்டையோடு எல்லை கடப்பவர்கள், அங்கே பெரும்பாலும் பெண்கள். முகவருக்குக் கொடுக்கும் கூலியே இவர்களின் இலாபத்தைத் தின்றுவிடும். ஆகவே பலர் காட்டுப் பாதையால் போனார்கள். பிடிபட்டால் பொருளும் போகும், மானமும் போகும். இவர்களுக்காகக் கிழக்கு, தெற்கு ஆபிரிக்க நாடுகளின் பொதுச் சந்தை அமைப்பான கொமேசா ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தது. தாமே நிரப்பக்கூடிய சிறிய சுங்கப் படிவம், எல்லையிலேயே முத்திரையிடும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ். முதலில் 500 டொலர் பெறுமதி வரையான சரக்குக்கு இருந்த சலுகை பின்னர் 1,000 டொலருக்கு உயர்த்தப்பட்டது.

இதிலும் பொறி உண்டு. அயல் நாடுகள் உடன்பட்ட பட்டியலில் உள்ள பொருளுக்கும், உறுப்பு நாடுகளில் விளைந்த பொருளுக்கும் மட்டுமே சலுகை. சுங்கத் தீர்வை இல்லையென்றாலும் தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விளைபொருள் கடக்காது.

எமது நாட்டிலும் தாவர சுகாதாரச் சான்றிதழை விவசாயத் திணைக்களமே வழங்குகிறது. அதைப் பொருள் புறப்படுமுன் எடுக்க வேண்டும். உங்கள் சங்கம் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு மரக்கறியோ பழமோ கொடுக்க உடன்படுமானால், விலையைப் பேசும்போதே இன்னும் இரண்டு விடயங்களை எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ்களை எடுப்பது யார் பொறுப்பு? கடதாசி பிழைத்துச் சரக்கு நின்றால் அந்த நாட்களின் நட்டம் யார் கணக்கில்?