சஸ்பென்ஷன் சொகுசுக்கு மட்டுமில்லை

மலைச் சைக்கிளில் சஸ்பென்ஷன் எதற்கு என்று கேட்டால் பலரும் "குலுங்காம போறதுக்கு" என்பார்கள். அது பாதி பதில். டயரைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பதுதான் அதன் முக்கிய வேலை. டயர் அந்தரத்தில் இருக்கும்போது பிரேக் பிடித்தும் புண்ணியமில்லை, ஹேண்டில்பாரைத் திருப்பியும் புண்ணியமில்லை. 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், மலையிறக்கப் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் ஜெயித்தது ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடுதான். மோட்டோகிராஸ் பின்னணியிலிருந்து வந்த பால் டர்னர் உருவாக்கியது அது. இரண்டு அங்குலம்கூட அமுங்காது! இன்றைய மலையிறக்க சைக்கிள்களில் 200 மி.மீ. சாதாரணம்.

உள்ளே இருப்பவர்கள் இரண்டு பேர்: ஸ்பிரிங், டேம்பர். ஆபீஸ் கதவுக்கு மேலே ஒரு டோர் க்ளோசர் இருக்குமே, அதேதான். ஸ்பிரிங் கதவை மூடப் பார்க்கும், சிறு துளை வழியாகப் போகும் எண்ணெய் "மெதுவா, மெதுவா" என்று தடுக்கும். எண்ணெய் இல்லையென்றால் கதவு படாரென்று அறையும். சைக்கிளில் அந்த அறை வாங்குவது நீங்கள்.

முதலில் ஸ்பிரிங். நல்ல ஃபோர்க்குகளில் காற்றுதான் ஸ்பிரிங். 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே காற்றழுத்தம் சரிவராது. ஆனாலும் கடையில் வைத்துக்கொடுத்த அழுத்தத்திலேயே வருஷக்கணக்கா ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் ஏறி நின்றாலே ஃபோர்க் கொஞ்சம் அமுங்க வேண்டும். இதற்கு ஸாக் என்று பெயர். ஏன் அமுங்கணும்? கல்மேல் ஏறும்போது சக்கரம் மேலே போக இடம் வேண்டும், சரி. குழி வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும் இல்லையா?

அளப்பது சுலபம். ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு பெடல்மேல் நில்லுங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, துள்ளாமல் இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் வளையம் 15 முதல் 20 மி.மீ. நகர்ந்திருந்தால் நல்ல ஆரம்பம். பின்பக்க ஷாக்கில் 25 முதல் 30 சதவீதம். இந்தச் சதவீதம் ஷாக்கின் தண்டு நகரும் தூரத்தில்; சக்கரம் நகரும் தூரத்தில் இல்லை. காற்றடிக்க ஷாக் பம்ப்தான் வேண்டும். உள்ளே இருக்கும் காற்று ரொம்பக் கொஞ்சம், அழுத்தமோ அதிகம். சாதாரண பம்பில் கட்டுப்படுத்த முடியாது. மறுபடி பம்பை மாட்டினால் அழுத்தம் குறைந்ததாகக் காட்டும். கசிவு என்று பயப்பட வேண்டாம், அந்தக் காற்று பம்பின் குழாயை நிரப்பப் போயிருக்கிறது.

அடுத்தது ரீபவுண்ட். பெரும்பாலும் சிவப்புக் குமிழ். அமுங்கியது எவ்வளவு வேகமாகத் திரும்ப நீளும் என்பதை இது தீர்மானிக்கும். உண்மையான ஆபத்து இங்கேதான். பின் ஷாக் ரொம்ப வேகமாக நீண்டால், ஒரு மேட்டில் எகிறும்போது பின்சக்கரம் உதைத்து ஆளை ஹேண்டில்பாருக்கு மேலே அனுப்பிவிடும். ரொம்ப மெதுவாக இருந்தாலும் வம்பு: அடுத்தடுத்து கற்கள் வரும்போது நீள நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் சஸ்பென்ஷனே இல்லாத மாதிரி இறுகிவிடும். உட்கார்ந்தபடியே நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கிப் பாருங்கள். சைக்கிள் ஒரே ஒரு தரம் எழும்பி அடங்கினால் ஏறக்குறைய சரி. ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மாற்றினால் ரீபவுண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் திருப்பி உதைக்கும் பலமும் கூடும். நிரலில் பிழை தேடுகிற மாதிரிதான், ஒரு நேரத்தில் ஒரு குமிழ், இரண்டு கிளிக், அதே பாதையில் இன்னொரு சுற்று, நோட்டில் ஒரு வரி.

விலை குறைந்த சைக்கிள்களில் வரும் கம்பிச் சுருள் ஃபோர்க்குகள் வேறு கதை. மேலே இருக்கும் பிரீலோட் குமிழைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது, கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தி வைக்கப்படும், அவ்வளவுதான். உங்கள் எடைக்கு அது போதவில்லையென்றால் சுருளையே மாற்ற வேண்டும். பலவற்றில் ரீபவுண்ட் குமிழே இருக்காது. அப்படிப்பட்ட ஃபோர்க்கோடு மேடுகளில் எகிறுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.