குளிரை விலைக்கு வாங்கும் வியாபாரிகளுக்கு

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரை ஓரத்தில் 'ஐஸ் ஹவுஸ்' என்று மக்கள் அழைக்கும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. இன்று அது விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ல் அது எழுப்பப்பட்டது. அதற்கு முன்னரே, 1833-ல், 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல் ஒன்று, ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் பயணம் செய்து கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் சுமார் 100 டன் கரையாமல் இருந்தது! மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. வெப்பம் உள்ளே புகாமல் அடைத்து வைத்ததே அதன் சூட்சுமம்.

அந்தச் சூட்சுமத்தை மறந்தவர்கள் மின்கட்டணமாக அபராதம் செலுத்துகிறோம்.

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிறார். "ஹஜ்ரத், கடையில் உழைப்பது நான், சம்பாத்தியம் கரண்டு பில்லுக்குப் போகிறது. மூத்தவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறேன்" என்றார். மெக்கானிக்கை அழைத்து வரச் சொன்னேன். வந்தவர், "பெட்டியில் பழுதில்லை பாய், வைத்திருக்கும் முறைதான் பழுது" என்றார்.

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதே அதன் பணி. ஆகவே கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா? உள்ளே புக வழி இருக்கிறதா?

வெளியேறும் வழி

வெப்பத்தை வெளிவிடும் காயிலில் தூசி படிந்தால் கம்ப்ரஸர் மூச்சுத் திணறி நெடுநேரம் ஓடும். மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிய பின், மென்மையான பிரஷ்ஷால் அதைத் துடையுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வெயிலும் அடுப்பும் அதற்குப் பகை.

உள்ளே புகும் வழி

கதவு ரப்பரின் நடுவே ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எளிதில் உருவி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். வெயிலில் வந்திறங்கிய பாட்டில்களை நிழலில் ஆறவிட்டு அடுக்குங்கள். உள்ளே எரியும் விளக்கு இருமுறை செலவு வைக்கும்: எரிவதற்கு ஒருமுறை, அதன் சூட்டை வெளியேற்ற மறுமுறை. எல்.இ.டி. விளக்கு இரண்டையும் குறைக்கும். டீப் ஃப்ரீசரில் உறைபனி கால் அங்குலம் சேர்ந்தால் அணைத்துக் கரைத்துவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும்.

கணக்குப் பாருங்கள்

400 வாட் இழுக்கும் கம்ப்ரஸர் நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் 6.4 யூனிட், 12 மணி நேரம் ஓடினால் 4.8 யூனிட். வித்தியாசம் 1.6 யூனிட்தான். இரண்டு மாதத்தில் அது 96 யூனிட்!

புதிதாக வாங்குவோர் நட்சத்திர முத்திரையைக் கவனித்து வாங்குங்கள். டீப் ஃப்ரீசர்களுக்கான நட்சத்திரக் குறியீட்டுத் திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டது. விலை சற்றுக் கூடினாலும், பெட்டி ஓடும் ஆண்டுகளையும் எண்ணிப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று

சிக்கனம் என்று எண்ணி, இரவில் பெட்டியை அணைத்துவிடுவோர் உள்ளனர். மூடிய கூல்டிரிங்ஸ் மட்டும் இருக்கும் பெட்டியானால் பாதகமில்லை. பாலும் இறைச்சியும் உள்ள பெட்டியை அணைப்பது பெருந்தவறு. அவை 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. உறையவைத்த பொருள்களுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். சில யூனிட்டை மிச்சப்படுத்தி வாடிக்கையாளரை நோயில் தள்ளுவது வியாபாரமாகாது.

அந்தச் சகோதரர் பெட்டியை நகர்த்தினார், காயிலைத் துடைத்தார், ரப்பரை மாற்றினார். அடுத்த பில் இறங்கி வந்தது. மூத்த மகன் இன்றும் கல்லூரிக்குத்தான் செல்கிறான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும், கையில் பிரஷ்ஷுடன் கடைக்கு வருகிறான்.