கழித்த சீட்டின் கணக்கு

தர்மபுரிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முதல் நாள் ராத்திரி பந்தி முடிந்ததும் மாடியில் ஒரு ஜமுக்காளம் விரியும். இரண்டு கட்டு, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, நடுவில் கவிழ்த்த கட்டு, பக்கத்தில் கழித்த சீட்டுகளின் குவியல். ரம்மியில் அந்தக் குவியலின் மேலே கிடக்கும் ஒற்றைச் சீட்டுக்குத்தான் உயிர். அடுத்தவர் அதை எடுக்காமல் தன் சீட்டை மேலே போட்டுவிட்டால் அடியில் போனது போனதுதான், ஆடுபவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். எது விழுந்தது என்று நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதில் திறமை இருக்கிறது. ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் ஓர் ஆந்திர வழக்கில் சொன்னது.

கழித்த சீட்டு செத்த சீட்டு என்ற விதியைத் தூக்கிப் போட்ட ஆட்டம் ஒன்று உண்டு. 1993-இல் அமெரிக்காவில் வெளியான 'மேஜிக் த கேதரிங்'. உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட், சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். சிறு வயதில் வங்கதேசத்திலும் நேபாளத்திலும் வளர்ந்தவர். இதில் பொதுக் கட்டு கிடையாது. கடையில் வாங்கியும் நண்பர்களிடம் மாற்றியும் சேர்த்த சீட்டுகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொண்டு வரவேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் தவிர, ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. செத்த வீரன், தீர்ந்த மந்திரம், உடைந்த நிலம் எல்லாம் அவரவர் இடுகாட்டுக்குப் போகும். இடுகாடு என்பது விதிப்புத்தகத்தின் பெயரேதான். குவியல் மல்லாந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

செத்த வீரனை எழுப்பிக் கொண்டுவரும் சீட்டுகள் முதல் தொகுப்பிலேயே இருந்தன. 2001-இல் வந்த 'ஒடிஸி' தொகுப்புக்குப் பிறகு இடுகாடே ஒரு சொத்தாகிவிட்டது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. சொத்து ஒன்று, பங்கு கேட்பவர் பலர்.

பங்கு கேட்கும் விதத்தைக் கவனித்தால் மூன்று பார்வை தெரியும். ஒன்று எண்ணிக்கையைப் பார்ப்பது. 'ஒடிஸி'யில் வந்த 'நிம்பிள் மங்கூஸ்' என்ற கீரி சாதாரணமாக 1/1, அதாவது பலம் ஒன்று, தாங்குதிறன் ஒன்று. இடுகாட்டில் ஏழு சீட்டு சேர்ந்துவிட்டால் அது 3/3. அந்த ஏழும் என்ன சீட்டு என்று கீரி கேட்பதில்லை. அடுத்தது வகையைப் பார்ப்பது. 2007-இல் வந்த 'டார்மோகாய்ஃப்', இரு தரப்பு இடுகாடுகளிலும் எத்தனை வகைச் சீட்டு கிடக்கிறதோ அவ்வளவு பலம் பெறும். தாங்குதிறன் அதைவிட ஒன்று கூடுதல். மூன்றாவது பெயரைப் பார்ப்பது. 2011-இன் 'ஸ்னாப்காஸ்டர் மேஜ்' தீர்ந்துபோன மந்திரம் ஒன்றை மறுபடி ஏவ விடும். அதற்குக் குவியல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, சரியான ஒன்று இருந்தால் போதும்.

கீரியும் டார்மோகாய்ஃபும் இடுகாட்டைத் தொடுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கின்றன. அதனால் ஒரே கட்டில் சண்டையில்லாமல் இருக்கும். தின்னும் சீட்டு ஒன்று உள்ளே வந்தால்தான் தகராறு. 2014 செப்டம்பரில் வந்த 'ட்ரெஷர் க்ரூஸ்' அப்படிப்பட்டது. மூன்று சீட்டு எடுக்கலாம். விலை எட்டு மனா. மனா என்பது இந்த ஆட்டத்தின் காசு, நிலச் சீட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் தரும். சுற்றுக்கு ஒரு நிலம் என்று இறக்கினால் எட்டு மனா சேர எட்டுச் சுற்றாவது ஆகும், அதற்குள் பெரும்பாலும் ஆட்டமே முடிந்துவிடும். ஆனால் இடுகாட்டிலிருந்து ஒரு சீட்டை ஆட்டத்தைவிட்டே விலக்கினால் விலையில் ஒரு மனா குறையும். ஏழை விலக்கினால் ஒரே மனா! 1993-இல் ஒரு மனாவுக்கு மூன்று சீட்டு கொடுத்த 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' இந்த ஆட்டத்தின் மிக வலிய சீட்டுகளில் ஒன்றாக இன்றைக்கும் எண்ணப்படுகிறது. அதே பண்டம் பின்வாசல் வழியாக மீண்டும் வந்ததாகத்தான் ஆட்டக்காரர்கள் பார்த்தார்கள். 2015 ஜனவரியில் 'மாடர்ன்', 'லெகஸி' ஆகிய இரண்டு போட்டி முறைகளில் அது தடைசெய்யப்பட்டது. நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

வானம் பார்த்த தர்மபுரி விவசாயிக்கு இந்த இழுபறி புதிதல்ல. அறுத்துப்போட்ட சோளத்தட்டை மாடும் கேட்கும், எருக்குழியும் கேட்கும். போரில் இருக்கும் தட்டு ஒன்றுதான்.

ஒரு நிலைமையைக் கிட்டத்தில் பார்ப்போம். மூன்றாவது சுற்று. இடுகாட்டில் ஆறு சீட்டு: இரண்டு நிலம், இரண்டு மின்னல்வேக மந்திரம், ஒரு நிதான மந்திரம், ஒரு உயிரி. வகை நான்கு. எதிராளியின் இடுகாடு காலி என்று கொள்வோம். களத்தில் நிற்கும் டார்மோகாய்ஃப் 4/5. கையில் ட்ரெஷர் க்ரூஸ், செலவழிக்க மூன்று மனா. ஆக ஐந்து சீட்டை விலக்கியாக வேண்டும். மின்னல்வேக மந்திரம் ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கிறோம். ஏவிய க்ரூஸும் நிதான மந்திரமாக இடுகாட்டுக்கே வந்து சேரும். மிஞ்சுவது இரண்டு வகை. டார்மோகாய்ஃப் 2/3 ஆகிவிடும். ஒரு மனா விலையில் மூன்று சேதம் செய்யும் 'லைட்னிங் போல்ட்' எதிராளியிடம் இருந்தால், ஒரு சுற்றுக்கு முன் அசராமல் நின்றிருக்கக்கூடிய விலங்கு இப்போது சாகும்.

அவசரப்படாமல் ஐந்து மனா சேரும்வரை பொறுத்திருந்தால்? மூன்று சீட்டை விலக்கினால் போதும். இரட்டையாகக் கிடக்கும் நிலத்தில் ஒன்று, மின்னல்வேக மந்திரத்தில் ஒன்று, அப்புறம் அந்த நிதான மந்திரம். கடைசியாகச் சொன்னதன் இடத்தை க்ரூஸ் தானே வந்து நிரப்பிவிடும். நான்கு வகையும் அப்படியே இருக்கும், டார்மோகாய்ஃப் மறுபடி 4/5. வகையைப் பார்க்கும் சீட்டுக்கு இரட்டைகள் உபரி; தின்பவன் அதை எடுத்துக்கொண்டு போகட்டும். எண்ணிக்கையைப் பார்க்கும் கீரிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏழுக்கு மேல் எட்டாவதாகச் சேரும் சீட்டு மட்டுமே அதற்கு உபரி. க்ரூஸோடு டார்மோகாய்ஃபைச் சமாளித்துச் சேர்த்து வைக்கலாம், கீரியைச் சேர்ப்பது வீண் வேலை என்பது என் கட்சி.

தின்னும் சீட்டுகள் ஒன்றோடொன்று மோதுவது இதைவிட மோசம். க்ரூஸ் வெளிவந்த அதே தொகுப்பில் 'டிக் த்ரூ டைம்' என்ற இன்னொரு எட்டு மனாச் சீட்டும் இடுகாட்டைத் தின்னும். இரண்டிலும் நான்கு நான்காக எட்டு வைத்தால் என்ன? கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டாவதாக ஆடுபவர் மூன்றாம் சுற்றுக்குள் பத்துச் சீட்டு பார்த்திருப்பார். கட்டில் தின்னி நான்கு இருந்தால் ஒன்றாவது கைக்கு வர வாய்ப்பு 100-க்கு 53. எட்டு இருந்தால் 79. நல்ல லாபம்தான். ஆனால் இரண்டோ அதற்கு மேலோ ஒரே கையில் வந்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 13-இலிருந்து 40-க்கு ஏறுகிறது. முதல் தின்னி இடுகாட்டைத் துடைத்துவிட்டுப் போனபின் இரண்டாவது கையில் எட்டு மனாக் கல்லாகக் கனக்கும். வருகிற லாபம் 26, கூடவே வருகிற இடைஞ்சல் 27. இடுகாட்டை வேகமாக நிரப்பும் வழி கட்டில் இருந்தால்தான் எட்டு தாங்கும். அப்படி நிரப்பும் சீட்டுகளும் அந்த அறுபதுக்குள்தானே இடம் பிடிக்க வேண்டும்?

எல்லாச் சீட்டும் ஒரே திசையில் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 சாட்சி. அந்தக் கோடையில் வந்த 'ஹோகாக்' என்ற 8/8 பூதத்தை மனா கொடுத்து வாங்கவே முடியாது. களத்தில் நிற்கும் சிறு உயிரிகளைச் சாய்த்தும் இடுகாட்டைத் தின்றும்தான் அழைக்க வேண்டும். இடுகாட்டுக்குள் கிடந்தபடியே எழுந்து வரவும் அதற்கு அனுமதி உண்டு. நிரப்புவதும் தின்பதும் எழுவதும் ஒரே இயந்திரமாகிவிட்டன. ஜூலையில் அதன் கூட்டாளியான 'ப்ரிட்ஜ் ஃப்ரம் பிலோ' மாடர்னில் தடைசெய்யப்பட்டது. போதவில்லை. அந்த மாதக் கடைசியில் பார்சிலோனாவில் நடந்த பெரிய போட்டிக்கு, எதிராளியின் இடுகாட்டை அடைத்துவிடும் 'லேலைன் ஆஃப் த வாய்ட்' சீட்டைப் பலர் முதல் அறுபதிலேயே சேர்த்துக்கொண்டு வந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஹோகாக்கும் தடைப்பட்டியலுக்குப் போனது.

லேலைன் போன்ற எதிர்ச்சீட்டுகளை வழக்கமாகக் கட்டுக்கு வெளியே வைக்கும் பதினைந்து உபரிச் சீட்டுகளில்தான் வைப்பார்கள். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டிய போட்டியில் முதல் ஆட்டம் முடிந்ததும் அவற்றை உள்ளே மாற்றிக்கொள்ளலாம். 'ரெஸ்ட் இன் பீஸ்' என்று ஒன்று இருக்கிறது. இரு பக்க இடுகாட்டையும் ஒரே வீச்சில் காலி செய்துவிடும். கீரி, டார்மோகாய்ஃப், க்ரூஸ் எல்லாம் அன்றைக்கு ஒன்றாகப் படுத்துவிடும். எதிராளி இதைத்தான் கொண்டுவருவான் என்று தெரிந்த கெட்டிக்காரர்கள் இரண்டாம் ஆட்டத்துக்கு முன்பே இடுகாட்டை நம்பும் சீட்டுகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, தன் காலிலேயே நிற்கும் உயிரிகளை உள்ளே வைத்துவிடுகிறார்கள். அவன் காத்திருந்து ரெஸ்ட் இன் பீஸை இறக்கும்போது, விலக்குவதற்கு இரண்டு நிலச் சீட்டுதான் கிடக்கும்.