டை மேக்கர் மகள் மேரி பாரா



சாதனைப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம்ம மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு 2014 ஜனவரியில் தலைமை நிர்வாகியான மேரி பாரா. உலகின் பெரிய கார் கம்பெனி ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் இவர்தான்.

இவருடைய அப்பா அதே கம்பெனியின் பாண்டியாக் பிரிவில் 39 வருஷம் டை மேக்கர். 1980-ல், 18 வயசில், மேரியும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். பானெட், மட்கார்டு தகடுகளைப் பார்த்துச் சோதிக்கிற வேலை. அந்தச் சம்பளம் காலேஜ் ஃபீசுக்கு. கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் ஆலை என்று மாறி மாறிப் படிப்பு. நம்ம சாண்ட்விச் டிப்ளமோ மாதிரி. 1985-ல் எலக்ட்ரிகல் என்ஜினீயர், 1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. பிறகு ஹாம்ட்ராம்க் அசெம்பிளி ஆலைக்கு மேனேஜர்.

2009-ல் ஊழியர் துறைக்குத் தலைவரானதும் ஒரு வேடிக்கை செய்தார். என்ன உடுத்தலாம், என்ன கூடாது என்று பத்துப் பக்கத்துக்கு விதி இருந்தது. அதைத் தூக்கிவிட்டு, 'பொருத்தமாக உடுத்துங்கள்' என்று இரண்டே வார்த்தை! ஒரு மேனேஜர் வந்து ஆட்சேபித்தார். உங்க ஆட்களோடு உட்கார்ந்து நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார். உடுப்பு விஷயத்தையே தீர்க்க முடியாத மேனேஜர், பெரிய பொறுப்பை எப்படிச் சுமப்பார் என்பது அவர் கேள்வி.

அசல் சோதனை பதவியேற்றதுமே வந்தது. சில கார்களின் இக்னிஷன் சுவிட்சில் சாவியைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்குக்குப் போதிய விசை இல்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, வண்டி குலுங்கினாலோ சாவி நழுவும். ஓடும்போதே என்ஜின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் மட்டும் 124.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. 2006-ல் அந்த சுவிட்சைத் திருத்தினார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை! பழசும் புதுசும் ஒரே நம்பரில் ஓட, ஆராய்ந்தவர்கள் வருஷக்கணக்கில் குழம்பினார்கள். டிராயிங் வகுப்பில் டைட்டில் பிளாக்குக்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்று அலுத்துக்கொள்கிறோமே, அதற்கு இதுதான் விடை.

விசாரணை அறிக்கையில் 'ஜி.எம். தலையாட்டல்' என்று ஒரு வழக்கம் வருகிறது. கூட்டத்தில் எல்லாரும் சரி சரி என்று தலையாட்டுவார்கள்; வெளியே வந்ததும் யாரும் செய்யமாட்டார்கள். மேரி அந்த அறிக்கையை மறைக்கவில்லை. 15 பேரை வேலையிலிருந்து நீக்கினார். இதை மறந்துவிட்டுப் போக மாட்டேன், நினைவில் வைத்திருப்போம் என்று ஊழியர்களிடமே சொன்னார். எந்தத் தொழிலாளியும் குறையை நேரே சொல்ல ஒரு ஏற்பாடும் செய்தார். எனக்கு நீக்கத்தைவிட இதுதான் பெரிசாப் படுது. என் அப்பா கொத்தனார். சுவரில் கோணல் தெரிந்தாலும் மேஸ்திரியிடம் சொல்லத் தயங்குவார். டிப்ளமோ முடித்து ஆலைக்குள் போகும்போது நம்ம நிலையும் அதுதானே?

ஆனாலும் எல்லாவற்றையும் புகழ எனக்கு மனசு வரல. 2018 நவம்பரில் லாபக் கணக்குப் பார்த்து, வட அமெரிக்காவில் ஐந்து ஆலைகளுக்கு வேலை ஒதுக்குவதை நிறுத்தப் போவதாக அறிவித்தார். அவரே மேனேஜராக இருந்த ஹாம்ட்ராம்க்கும் அதில் ஒன்று. அது தப்பி, 2021-ல் மின்சார வண்டி ஆலையாகத் திரும்ப ஓடத் தொடங்கியது. 1966-ல் தொடங்கிய லார்ட்ஸ்டவுன் ஆலை தப்பவில்லை. 2019 மார்ச்சில் கடைசிக் கார் வெளியே வந்தது. அங்கேயும் டை மேக்கர்களின் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.