பத்துக் கிலோ அரிசிச் சாக்கும் பதினைந்து லட்சம் பவுண்டும்

குரோய்டன் லண்டன் ரோட்டில் நம்மவர் கடையில் பத்துக் கிலோ புழுங்கல் அரிசி வாங்கினால் ஒரு வெள்ளைச் சாக்கும் கூடவே வரும். அரிசி தீர்ந்ததும் சாக்கைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவோம், அதன்மேல் வாழைப்பழத் தோலையும் போடுவோம். இரண்டும் ஒரே பையில், ஒரே லாரியில், ஒரே உலைக்குப் போகின்றன. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அவற்றின் புகைக்கு வேறு வேறு விலை வரப்போகிறது.

சாக்கு பாலிப்ரோப்பிலீன் நூலில் நெய்தது. அது நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 86 கிராம் கார்பன், எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. எரித்தால் ஏறக்குறைய 314 கிராம் கார்பன் டை ஆக்சைடு. சாக்கை விட அதன் புகை மூன்று மடங்கு கனம், ஏனென்றால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. பழத்தோலும் எரிந்தால் அதே வாயுவைத்தான் விடும். ஆனால் வாழைமரம் அதைச் சென்ற வருடம்தான் காற்றிலிருந்து எடுத்தது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது என்று அதற்குச் சுழியம் போடுகிறார்கள். பில் வரும்போது அது சாக்குக்கு மட்டும்தான்.

இந்தக் குப்பை எரியும் இடம் பெடிங்டன் லேனில், விரிடோர் நடத்தும் ஆலை. நிலம் சட்டன் எல்லைக்குள் இருந்தாலும் குரோய்டன், சட்டன், மெர்டன், கிங்ஸ்டன் ஆகிய நான்கு கவுன்சில்களின் குப்பையும் அங்கே போகிறது. 2019 முதல் முழு வேகத்தில் ஓடுகிறது, ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் எரிக்கும் திறன் கொண்டது. அந்தப் புகைக்கு இதுவரை கார்பன் விலை கிடையாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்தபின் 2021 ஜனவரி 1 அன்று தொடங்கிய உமிழ்வு வணிகத் திட்டம் மின் நிலையம், சிமென்ட், இரும்பு, விமானம் ஆகியவற்றோடு நின்றது. குப்பை எரிக்கும் ஆலைகளையும் 2028 முதல் சேர்ப்போம் என்று அரசு 2025 ஜூலையில் உறுதி செய்தது. 2026 ஜனவரி முதல் இரண்டு ஆண்டுகள் காசு கட்டாமல் அளந்து பார்க்கும் பயிற்சிக் காலம், அதுவும் விருப்பப்பட்டவர்களுக்கு.

திட்டத்தின் விதி எளிது. விட்ட ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கி ஒப்படைக்க வேண்டும். தவறினால் டன்னுக்கு 100 பவுண்டு அபராதம், விலைவாசிக்கு ஏற்ப அதுவும் ஏறும். எத்தனை டன் விட்டோம் என்பதை யார் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலான ஆலைகளில் புகையை யாரும் எடை போடுவதில்லை. எரித்த எரிபொருளின் அளவை ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அந்த எண்தான் உமிழ்வுக் காரணி. உலக அளவில் வழங்கும் கணக்குப்படி ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு 56.1 டன், டீசல் 74.1, சாதாரண நிலக்கரி 94.6. பிரிட்டன் தன் தேசியக் கணக்கெடுப்பிலிருந்து தனக்கான காரணிகளை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சிறிய ஆலை பட்டியலைப் பார்த்து எழுதிவிடலாம். பெரிய ஆலை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தன் எரிபொருளின் காரணியைத் தானே நிரூபிக்க வேண்டும்.

பட்டியல் எண்ணிலும் வழுக்குமிடம் உண்டு. உங்கள் கேஸ் பில்லில் உள்ள ஒரு கிலோவாட்-மணிக்கு (kWh) அரசு சொல்லும் காரணி சுமார் 0.18 கிலோ. வேறொரு பக்கத்தில் அதே கேஸுக்கு 0.20 என்று இருக்கும். இரண்டும் சரி. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அது குளிர்ந்து தரும் வெப்பத்தையும் சேர்த்தால் முதல் எண், விட்டுவிட்டால் இரண்டாவது. பில் போடுவது முதல் முறையில். ஆண்டுக்கு 12,000 கிலோவாட்-மணி எரிக்கும் வீடு எண்ணை மாற்றிப் பெருக்கினால் 2.2 டன் 2.4 ஆகிவிடும். வீட்டுக்கு இது வெறும் கணக்குப் பிழை. சீட்டு வாங்கும் ஆலைக்கு அது பணம்.

கேஸாவது பரவாயில்லை, குழாயில் வருவது நேற்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். குப்பை அப்படியா? கிறிஸ்துமஸ் வாரத்துக் குப்பையும் பிப்ரவரிக் குப்பையும் ஒன்றல்ல. டயப்பர், பாலியஸ்டர் சேலை, பீட்சா அட்டை, கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் கலந்து வரும் எரிபொருளுக்கு என்ன காரணி போடுவது? ஒரு வழி, குப்பையைக் கொட்டிக் கையால் பிரித்து எடை போடுவது. இன்னொரு வழி, தேசம் முழுவதற்கும் ஒரே பொது எண். மூன்றாவது வழி புகைபோக்கியிலிருந்தே மாதிரி எடுத்துக் கார்பன் 14 அளவைப் பார்ப்பது. கீழடியின் வயதைச் சொன்னதும் இதே கார்பன் 14 தான். அண்மையில் உயிரோடிருந்த பொருளில் அது இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு பழைய பெட்ரோலியத்தில் அழிந்து போயிருக்கும். ஆகவே புகையில் அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பிளாஸ்டிக்.

வழியைப் பொறுத்து எண் மாறும். ஒரு டன் குப்பைக்கு 0.4 டன் என்று ஒரு முறை சொல்கிறது, 0.5 என்று இன்னொன்று சொல்கிறது என வைப்போம். மூன்று லட்சம் டன் எரிக்கும் ஆலைக்கு வித்தியாசம் 30,000 டன். சீட்டின் விலை 50 பவுண்டு என்று கொண்டால் (சந்தையில் அது ஏறும், இறங்கும்) ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் பவுண்டு. உலையில் ஒரு பொட்டு நெருப்பும் கூடவில்லை, குறையவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் மாறியது, அவ்வளவே.

சீட்டு வாங்க வேண்டியது ஆலை. ஆனால் இது போன்ற நீண்டகால ஒப்பந்தங்களில் சட்டம் மாறினால் கூடுதல் செலவை யார் சுமப்பது என்ற பிரிவு வழக்கமாக இருக்கும், அது கவுன்சில் பக்கம் சாயவும் கூடும். குப்பை ஆலைகளையும் சேர்க்கும் இந்த விரிவாக்கத்தால் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு 2028 முதல் 2036 வரை மொத்தம் 650 கோடி பவுண்டு வரை செலவாகலாம் என்று உள்ளாட்சிகளின் சங்கம் மதிப்பிட்டிருக்கிறது. இதைக் குரோய்டன்வாசிகள் அலட்சியமாகக் கேட்க முடியாது. 2020 நவம்பரில் 'கையில் பணமில்லை' என்ற 114ஆம் பிரிவு அறிவிப்பைக் கொடுத்த கவுன்சில் இது. 2022 நவம்பரில் மீண்டும் கொடுத்தது. அதற்கடுத்த ஆண்டு கவுன்சில் வரி 14.99 சதவீதம் ஏறியது நினைவிருக்கும்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது வேறொன்று. கவுன்சில் சொன்னபடி கேட்டு, நாம் இனி மிச்சச் சோற்றையும் பழத் தோலையும் தனி வாளியில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நல்லதுதான், மொத்த எடை குறைகிறது. ஆனால் மீதிக் குப்பையில் பிளாஸ்டிக்கின் பங்கு கூடிவிடுகிறது, ஆகவே டன்னுக்கான காரணி ஏறுகிறது. ஒழுங்காகப் பிரிக்கும் ஊர், டன் கணக்கில் பார்த்தால் மோசமான ஊராகத் தெரியும்! நான்கு கவுன்சில்களின் குப்பை ஒரே குழியில் கலந்தபின் புகைபோக்கியில் எடுக்கும் மாதிரி யாருடைய சாக்கு எது என்று சொல்லாது. செலவைப் பிரிப்பது எடையை வைத்தா, பிளாஸ்டிக் பங்கை வைத்தா, எல்லோருக்கும் ஒரே எண்ணை வைத்தா என்ற கேள்வி 2028க்கு முன்பே கேட்கப்பட வேண்டும்.

கேட்க உரிமை இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் விதிகள்படி யாரும் கவுன்சிலிடமோ, இங்கிலாந்தில் இத்திட்டத்தைக் கண்காணிக்கும் சுற்றுச்சூழல் முகமையிடமோ தகவல் கேட்கலாம். குடியுரிமை தேவையில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை, வாய்மொழியாகக் கேட்டாலும் செல்லும். எழுதிக் கேட்பதே புத்தி. 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். 'இது வணிக ரகசியம்' என்று சொல்லிக் கையை விரிப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் 12(9) என்ற பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். உமிழ்வு பற்றிய தகவலுக்கு வணிக ரகசியம் என்ற சாக்கு செல்லாது. பதில் திருப்தி இல்லையென்றால் 40 வேலை நாளுக்குள் அதே அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும், பிறகு தகவல் ஆணையர், அதன்பின் தீர்ப்பாயம்.

கடிதத்தை நீட்டி முழக்க வேண்டாம். பெடிங்டன் ஆலையில் ஒரு டன் குப்பைக்கு என்ன காரணி பயன்படுத்துகிறீர்கள், அது பொது எண்ணா, பிரித்து எடை போட்டதா, கார்பன் 14 முடிவா, கடைசியாக எப்போது எடுத்தது, நான்கு கவுன்சில்களுக்கும் செலவு எப்படிப் பங்கிடப்படும் என்று ஐந்து வரி போதும். 'ஆலையின் பாதிப்பு பற்றி எல்லாத் தகவலும் தருக' என்று எழுதினால், கேள்வி அகலமாக இருக்கிறது என்று அதே வேகத்தில் திரும்பி வரும்.

சென்னைக் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரிக்கும் திட்டத்துக்கு எதிராக வடசென்னை மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அங்கே பேச்சு பெரும்பாலும் காற்றின் நஞ்சைப் பற்றி, அது நியாயமும்கூட. இந்தியாவின் கார்பன் வர்த்தகத் திட்டமும் 2023இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கேயும் ஒருநாள் குப்பைக்கு எண் போட வேண்டிவந்தால், பிரித்து எடை போட்டுப் பார்த்தவர் யார் என்று கேட்க ஆள் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டு பாய்லரோ, உணவகத்து அடுப்போ, மூலைக்கடை குளிர்பெட்டியோ பிரிட்டனின் உமிழ்வு வணிகத் திட்டத்தில் நேரடியாக இல்லை. எரிபொருள் எரிக்கும் நிலையங்களுக்கு வாசற்படி 20 மெகாவாட் வெப்பத் திறன், எந்தத் தோசைக் கடையும் அந்தப் பக்கம் போகாது. 'உங்கள் கடைக்குக் கார்பன் சான்றிதழ் கட்டாயம்' என்று யாராவது தொலைபேசியில் கட்டணம் கேட்டால் வைத்துவிட்டு சிட்டிசன்ஸ் அட்வைஸைக் கூப்பிடுங்கள்.

கவுன்சிலிடம் கேள்வி கேட்க இன்னொரு கதவும் உண்டு, பலருக்குத் தெரியாது. 2014ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தணிக்கைச் சட்டம் 26ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு ஒருமுறை 30 வேலை நாள் கவுன்சிலின் கணக்கையும் அதற்குரிய ஒப்பந்தம், ரசீதுகளையும் திறந்து வைக்க வேண்டும். சில பகுதிகளை ரகசியமென மறைக்கலாம், எல்லாவற்றையும் மறைக்க முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபமும் எழுப்பலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களாகத் தகுதியுள்ள இந்தியர், இலங்கையருக்கும் இங்கே வாக்கு உண்டு என்பதால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணக்கு திறக்கும் தேதி கவுன்சில் இணையதளத்தில், தேடினால்தான் கிடைக்கும் ஒரு மூலையில், வழக்கமாகக் கோடையில் வரும்.