உபயமும் உரிமையும்

1956-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த பகலுணவுத் திட்டம், அரசாங்கக் கஜானாவை நம்பி எழுந்ததன்று. ஊரார் மனமுவந்து அளித்த பொருளைக் கொண்டே அன்று உலையேறியது, சர்க்கார் மானியம் பிறகுதான் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குச் சோறிட முன்வந்த ஜனங்கள் பள்ளிக்கூடத்திற்குக் கூரையிடவும் தயங்கமாட்டார்கள் என்று நம்பிய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் கூட்டினார். தம் பள்ளிக்கு வேண்டியவை இன்னின்ன என்று ஆசிரியர்கள் ஜாபிதா தயாரிப்பதும், அதைக் கண்டு ஒருவர் நிலமும் மற்றொருவர் மேஜையும் வேறொருவர் சீருடையும் தர ஒப்புவதும் அம்மாநாடுகளின் விசேஷம்.

அந்த உற்சாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கொடுப்பவன் பெயர் சுவரில் ஏறிவிடுகிறது. கொடுக்க ஏதுமற்ற கூலிக்காரியோ தன் பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே விருந்தாளிபோல் வாசலில் நிற்க நேர்கிறது. (குழல்விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும்படி 'உபயம்' எழுதிவைக்கும் தேசமல்லவா நமது!)

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாற்ற முயன்றது இந்த நிலையைத்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் ஸ்தானம் உண்டு. மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் கடமைகள். தானம் செய்தவன் என்ற தகுதி இங்கே தேவையில்லை. தாயாக இருப்பதே போதும்.

காகிதத்தில் இவ்வளவும் சரி. ஆனால் நாற்று நடவும் நூறு நாள் வேலையும் நடக்கும் பகற்பொழுதில் கூட்டம் வைத்தால் வருவோர் யார்? தீர்மானப் புத்தகம் வீடுவீடாகச் சென்று கையெழுத்து வாங்கி வருவது சகஜமாகிவிடுகிறது. அப்படியே கூடினாலும் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த்தொட்டி என்ற பேச்சோடு பொழுது கழிகிறது. அவை அவசியமானவையே, ஆனால் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்ற கேள்வி எழுவதேயில்லை.

அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைத் தவறாமல் கூட்டித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதன் 24-ஆம் பிரிவு விதிக்கிறது. கூட்டத்தை அந்திக்கு மாற்றி, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாடநூலில் ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொன்னால், எழுத்தறியாத தாய்க்குங்கூட அது எந்த இடத்தில் தட்டுத்தடுமாறி நிற்கிறதென்று கேட்டமாத்திரத்திலேயே தெரிந்துவிடும்.