தில்லி தீவாக முடியுமா?

2012 ஜூலை 31, பகல் 1 மணி. முந்தைய நாள் அதிகாலையில் சரிந்த வட மாநில மின்தொகுப்பு அப்போதுதான் மீண்டிருந்தது. மறுபடியும் சரிவு. இம்முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி. தில்லியில் மெட்ரோ ரயில்கள் நின்றன.

சில இடங்கள் மட்டும் தப்பின. அவற்றில் ஒன்று தில்லியை அடுத்த தாத்ரி எரிவாயு மின்நிலையம். தொகுப்பிலிருந்து பிரிந்து தனித் தீவாக இயங்கியது. இப்படிப்பட்ட தீவுகளைத் திட்டமிட்டே அமைக்க வேண்டும் என்று விசாரணைக் குழுவும் சிபாரிசு செய்தது.

தலைநகருக்கு இது சுலபமல்ல. பதர்பூர் நிலக்கரி நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. நகருக்குள் இருக்கும் பெரிய நிலையங்களான பவானாவும் (1,371 மெகாவாட்) பிரகதியும் (330 மெகாவாட்) எரிவாயுவை நம்பியவை. காஸ் டர்பைனுக்கோ ஒரு விசித்திர குணம் உண்டு.

மின்சாரம் பற்றாக்குறையானால் 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் குறையும். டர்பைனின் வேகமும் குறையும். காற்றை உள்ளிழுக்கும் கம்ப்ரஸரும் அதே தண்டில்தான் சுழல்கிறது. எனவே காற்று குறையும். அந்த நேரத்தில் எரிபொருளைக் கூட்டினால் வெப்பம் எகிறும். பிளேடுகள் உருகாமல் காக்க, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைக் குறைத்துவிடும். கூடுதல் மின்சாரம் தேவைப்படும் கணத்தில் டர்பைன் குறைவாகத் தரும். 45 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தியும் குறைவதால் நிலைமை இன்னும் மோசம்.

இதைச் சோதித்துப் பார்க்க தில்லியை இருட்டாக்க முடியாது. கம்ப்யூட்டர் மாதிரிதான் வழி. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் ரோவன் 1983இல் வெளியிட்ட மாதிரி இன்றும் இத்துறைக்கு அடிப்படை. அதில் வேகம், முடுக்கம், வெப்பம் என மூன்று கட்டளைகள். எது மிகக் குறைந்த எரிபொருளைக் கேட்கிறதோ அதற்கே வெற்றி.

மாதிரி பொய் சொன்னால்? 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதி இருண்டது. பாதிக்கப்பட்ட இணைப்புகள் சுமார் 75 லட்சம். அதே சம்பவத்தைப் பொறியாளர்கள் பிறகு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். தொகுப்பு நிலையாக இருப்பதாகவே அது காட்டியது! அதன்பின் அங்கே ஜெனரேட்டர்களைச் சோதித்து மாதிரிகளைச் சரிபார்ப்பது கட்டாயமானது. இந்தியாவிலும் 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த கிரிட் விதிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய சோதனையைக் கேட்கின்றன.

இது காகிதக் கணக்கு அல்ல. 2024 ஜூன் 19 அன்று தில்லியின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. பவானாவும் பிரகதியும் முழு மூச்சில் இயங்கினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு தேறாது. தீவானால் எந்தப் பகுதிகளின் மின்சாரத்தை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பது விநாடிகளில் நடந்தாக வேண்டும். அந்த அளவை முன்கூட்டியே சொல்வது மாதிரிதான். டர்பைனின் பலத்தை அது கூட்டிச் சொன்னால் வெட்டு போதாமல் போகும். தீவே மூழ்கும், காப்பாற்ற நினைத்த ஆஸ்பத்திரியும் இருட்டில்தான் கிடக்கும்.